புது வருசத்துக்கு ஒரு காப்பு: முதல்முறை சங்கல்பம் எடுப்பவர்களுக்கு

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த வருசம் அது. டிசம்பர் 31 இரவு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கொப்பியில் ஏழு தீர்மானங்கள் எழுதினேன். விடிகாலை 4 மணிக்கு எழும்புவது, மலைத் தண்ணீர் விழும் பீலியில் தலைமுழுகுவது, அரை மணி நேரம் தியானம், தினம் ஒரு பதிகம், மச்சம் மாமிசம் தொடுவதில்லை, கோபப்படுவதில்லை, பொய் சொல்வதில்லை. நுவரெலியாப் பக்கத்து ஜனவரியை அறிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். இரவில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தே கருகிப்போகிற மாதம். ஒன்பதாம் நாள் காய்ச்சலில் படுத்தேன். பத்தாம் நாள் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, கோழிச் சாறு வைத்துக் கொடுத்தார், மறுக்காமல் குடித்தேன். "இன்னும் ரெண்டு நாள் அந்தப் பீலியில நின்னிருந்தா சாமியே வந்து கையோட கூட்டிட்டுப் போயிருக்கும்" என்றார்.

அந்த அப்பாயி வருசா வருசம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவார். ஒரு வருசமும் இடையில் விட்டதில்லை. எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுத்தான். கொப்பியில் எழுதி வைத்தும் நான் ஒன்பது நாளில் விட்டதை, அவர் எழுதாமலே எப்படி முடித்தார் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது. கீழே சொல்வதில் பெரும்பகுதி அவரைப் பார்த்துக் கற்றது. மிச்சம் நான் சறுக்கி விழுந்து கற்றது.

சங்கல்பம், நேர்த்தி: இரண்டையும் குழப்ப வேண்டாம்

டவுன் கோவிலில் அர்ச்சனைச் சீட்டைக் கொடுத்ததும் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார். பிறகு வேகமாக ஏதோ சொல்கிறாரே, அதுதான் சங்கல்பம். வருசத்தின் பெயர், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் அதில் வரும். எந்த இடத்தில், யார், எதற்காக என்பதும் வரும். இவ்வளவும் சொல்லி முடித்த பிறகுதான் பூவை எடுத்துப் போடுகிறார். நாளும் இடமும் ஆளும் காரியமும் இல்லாமல் பூசை தொடங்குவதே இல்லை.

"இந்த வருசம் நல்ல மனுசனா இருக்கணும்" என்று நினைப்பதில் இந்த நான்கில் ஒன்றும் கிடையாது. அது ஆசை. ஆசைப்படுவது தப்பில்லை, ஆனால் அதைக் கடைப்பிடிக்க முடியாது. கடைப்பிடிக்கிறோமா இல்லையா என்று பார்க்கவும் வழியில்லை.

நேர்த்தி வேறு. "பிள்ளைக்கு வேலை கிடைத்தால் கதிர்காமத்துக்குக் காவடி எடுக்கிறேன்" என்பது நேர்த்தி. சாமி முதலில் செய்ய வேண்டும், நாம் பிறகு செய்வோம். சங்கல்பத்தில் நாம் முதலில் செய்கிறோம், கைமாறாக ஒன்றும் கேட்பதில்லை. நேர்த்தி வைப்பவர்களை நான் குறைவாக நினைக்கவில்லை. மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் மாத்தளை வரைக்கும் கால்நடையாக வந்த நம் ஆட்கள் நேர்த்தி வைக்காமல் எப்படி நடந்திருப்பார்கள்? ஒரு விசயம் மட்டும் கவனியுங்கள். பழைய நேர்த்தி ஏதாவது பாக்கி இருந்தால் புதிய சங்கல்பம் எடுக்கும் முன் அதைத் தீர்த்துவிடுங்கள். கடன் இருக்கும்போது புதுக் கணக்குத் திறந்தால் மனசு அதிலேயே இழுபடும்.

முதலில் நாள்

நமக்கு வருசத்தில் மூன்று தொடக்கங்கள் உண்டு. ஜனவரி 1, தைப்பொங்கல், சித்திரை 1. எது சரியான புத்தாண்டு என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. மூன்றையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதுதான் என் யோசனை.

ஜனவரி 1 இலங்கையில் அரச விடுமுறை இல்லை. தோட்டத்தில் வழக்கம்போலக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, வழக்கம்போல மலையில் வேலை. அதனாலேயே அது ஒத்திகைக்கு நல்ல நாள். அன்று தொடங்கிப் பொங்கல் வரைக்கும் இரண்டு வாரம் செய்து பாருங்கள். எடுத்த விசயம் நம்முடைய நாளுக்குள் அடங்குகிறதா, பெரிதாக இருக்கிறதா, யாருக்காவது தொல்லையாக இருக்கிறதா என்று அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். சரிவராவிட்டால் பொங்கலுக்கு முன் மாற்றிக்கொள்ளலாம், பாவம் ஒன்றும் சேராது. ஒத்திகைதானே.

உண்மையான காப்பைப் பொங்கலன்றோ சித்திரையிலோ கட்டுங்கள். சித்திரைக்கு ஒரு வசதி இருக்கிறது. அன்று வீட்டில் எல்லாம் ஏற்கெனவே தொடக்கத்துக்கு ஆயத்தமாக இருக்கும். கோவிலில் மருத்து நீர் கொடுப்பார்கள். துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு என்று பலதும் சேர்த்துக் காய்ச்சியது. பஞ்சாங்கம் சொல்லும் இலையைத் தலைக்கும் காலுக்கும் வைத்து, மருத்து நீரைத் தேய்த்து முழுகி, புது உடுப்புப் போட்டு, பெரியவர்களிடம் கைவிசேசமாக முதல் காசு வாங்குவோம். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகளும் லீவில் வந்து நிற்பார்கள். அந்த நாளோடு ஒரு சின்னச் சங்கல்பத்தைச் சேர்த்துக் கட்டினால் நாள் மறக்காது.

வருசம் பிறக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் நான்கு நான்கு மணித்தியாலம் விசு புண்ணிய காலம். வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒரு நேரமும் திருக்கணிதத்தில் இன்னொரு நேரமும் இருக்கும். எது சரி என்று விசாரித்துக்கொண்டு நிற்காமல் உங்கள் கோவில் எதைப் பின்பற்றுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வருசப் பெயரைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். 2026 சித்திரையில் பிறப்பது பராபவ. அதற்குத் தோல்வி என்று பொருள் சொல்வதால் அந்த வருசம் எதையும் தொடங்கக் கூடாதாம். அறுபது பெயர்களும் மாறி மாறி வந்துகொண்டேதான் இருக்கும். நல்ல பெயராகப் பார்த்துக் காத்திருந்தால் நம் காலம் முடிந்துவிடும்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையே இதற்குச் சரியான நேரம். சில சபைகளில் வருசத்துக்கென்று வாக்குத்தத்த வசனமும் கொடுப்பார்கள். அப்புறம் தவக்காலத்தின் நாற்பது நாள் வருகிறது. நான் கீழே நாள் கணக்குப் பற்றிச் சொல்வதை அந்த நாற்பதுக்கும் அப்படியே பொருத்திக்கொள்ளலாம்.

எதை எடுப்பது

ஒன்றே ஒன்று. ஏழு எடுத்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான் நான்கு கேள்வி கேட்பேன். இரவில் படுக்கும்போது "இன்றைக்குச் செய்தேன்" அல்லது "செய்யவில்லை" என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியுமா? கோபப்படாமல் இருப்பது இந்தக் கேள்வியிலேயே அடிபட்டுப் போகும். கோபம் வந்ததா, எரிச்சல் மட்டும்தானா என்று நமக்கு நாமே வழக்காட வேண்டி வரும். அதற்குப் பதிலாக, "பிள்ளைகளை அதட்டும் முன் ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன்" என்றால் அதைச் சொல்ல முடியும். இரண்டாவது, அடைமழை நாளிலும் வேலை கூடின நாளிலும் செய்யக்கூடியதா? மூன்றாவது, காசு இல்லாமல் செய்யக்கூடியதா? மாதக் கடைசியில் கற்பூரம் வாங்கக் காசில்லாமல் நிற்கும் சங்கல்பம் நமக்குத் தேவையில்லை.

நான்காவது கேள்வியை ஆண்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். உங்கள் சங்கல்பத்துக்கு வேலை செய்யப்போவது யார்? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அவர் ஒரு வருசம் மரக்கறிச் சாப்பாடு என்று தீர்மானம் எடுத்தார். நல்ல விசயம்தான். ஆனால் அவர் மனைவி காலை நாலரைக்கு எழும்பி, பிள்ளைகளுக்கு ஒரு கறி, மாமியாருக்கு உப்புக் குறைத்து ஒன்று, இவருக்குத் தனிச் சட்டியில் தனிக் கறி என்று வைத்துவிட்டு, மழைக்கும் குளிருக்கும் போர்த்தும் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு ஓடினார். விரதம் அவருடையது, தவம் மனைவியுடையது. வேறொருவர் சூட்டில் நாம் குளிர்காயக் கூடாது. சாப்பாட்டு விரதம் எடுப்பதானால் உங்கள் சட்டியை நீங்களே கழுவி, உங்கள் கறியை நீங்களே வையுங்கள். முடியாதென்றால் வேறு ஒன்றை எடுங்கள்.

வேறு என்ன இருக்கிறது? பிடி அரிசி இருக்கிறது. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, மாதக் கடைசியில் கோவிலுக்கோ முடியாமல் கிடக்கும் ஒரு வீட்டுக்கோ கொடுப்பது. சமைக்கிறவர் எடுக்கக்கூடிய சங்கல்பங்களில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. காலையில் ஐந்து நிமிடம் விளக்கின் முன் பேசாமல் உட்காருவது. இரவு சாப்பிடும்போது போனைக் காம்பராவிலேயே (அறையிலேயே) வைத்துவிட்டு வருவது. பகைத்துக்கொண்டிருக்கும் சொந்தக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லி நாளுக்கு ஒரு தடவை கும்பிடுவது. கடைசியாகச் சொன்னது கேட்பதற்குச் சுலபம், செய்யும்போது தொண்டையில் அடைக்கும்.

நாள்தோறும் முடியாதென்றால் போயாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு பௌர்ணமி, அன்று நாடு முழுவதும் விடுமுறை. மதுக்கடையும் இறைச்சிக் கடையும் பூட்டியிருக்கும். நாடே பாதி விரதம் இருக்கிற நாளில் மீதியை நாம் இருப்பது லேசு. அதிலும் சித்திரா பௌர்ணமி தாயை இழந்தவர்களுக்குரிய விரதம். தகப்பனுக்கு ஆடி அமாவாசை. இந்த இரண்டையும் ஒழுங்காக இருப்பதே ஒருவருக்கு முழு வருசச் சங்கல்பமாக இருக்கலாம்.

உடம்பைக் கேட்டுக்கொண்டு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) மாத்திரை போடுகிறவர்கள், ஊசி ஏற்றுகிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்லப்பட்டவர்கள் ஆகியோர் பட்டினி விரதம் எடுக்கும் முன் வைத்தியரிடம் கேளுங்கள். வெறும் வயிற்றோடு செங்குத்தான மலையில் முதுகில் கொழுந்துக் கூடையோடு நிற்பவர் மயங்கி விழுந்தால் அதை எந்தச் சாமியும் ஏற்றுக்கொள்ளாது.

குடியை விடுவதுதான் சங்கல்பம் என்றால் இன்னும் ஒரு கவனம். எப்போதாவது குடிக்கிறவர் அப்படியே நிறுத்தலாம். பல வருசமாகத் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், தூக்கமின்மை, குழப்பம் வரும். வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகவும் போகலாம். அவர் முதலில் போக வேண்டிய இடம் வைத்தியசாலை. மருந்தின் துணையோடு நிறுத்துவது சங்கல்பத்துக்குக் குறைவான காரியம் அல்ல.

ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்துவிட்டு, மாலை கழற்றிய அன்றே பழைய இடத்துக்குப் போகிறவர்களைப் பார்த்து ஊர் சிரிக்கும். நான் சிரிப்பதில்லை. 41 நாள் முடிந்ததே, அது பொய்யா? அவரால் முடியும் என்பதற்கு அவரே சாட்சி. அவருக்கு இல்லாமல் போனது 42ஆம் நாளுக்கு ஒரு ஏற்பாடு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஏற்கெனவே செய்யும் ஒரு வேலையோடு கட்டுங்கள்

"நேரம் கிடைக்கும்போது கும்பிடுவேன்" என்றால் நேரம் கிடைக்காது. காலை எழும்பி, தேத்தண்ணி வைத்து, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, கைக்குழந்தையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுப் பெரட்டுக்குப் போய், பின்னேரம் கொழுந்து நிறுத்து வீடு வந்து, விறகு, தண்ணி, சமையல் என்று ஓடுகிற நாளில் சும்மா கிடக்கிற நேரம் எங்கே இருக்கிறது?

ஆனால் அந்த ஓட்டத்துக்குள் சில இடைவெளிகள் ஒளிந்திருக்கின்றன. கேத்தலை அடுப்பில் வைத்த பிறகு தண்ணி கொதிக்கும் வரைக்கும் ஐந்து பத்து நிமிடம். அப்பாயி தன் கும்பிடுதலை அங்கேதான் வைத்திருந்தார். அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து, கொதி வரும் வரைக்கும் வாயைத் திறக்கமாட்டார். சின்ன வயதில் அதைத் தூக்கக் கலக்கம் என்று நினைத்திருந்தேன். கேத்தல் வைக்காத நாள் என்று வீட்டில் எந்த நாளும் இல்லை, அதனால் கும்பிடாத நாளும் அவருக்கு இல்லை. ரகசியம் அவ்வளவுதான்.

நீங்கள் கொழும்பில் போர்டிங்கில் இருந்தால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வைத்துக்கொள்ளலாம், நின்றுகொண்டு போனாலும் பரவாயில்லை. ஆடைத் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட் செய்கிறவர் மணிக்கணக்கைப் பிடிக்க வேண்டாம். எந்த ஷிப்டாக இருந்தாலும் எழும்பி முகம் கழுவியதும் என்று வையுங்கள். கதவு பூட்டுவது, செருப்புப் போடுவது, விளக்கு அணைப்பது என்று தவறாமல் நடக்கும் எதுவாக இருந்தாலும் சரி.

வாய்விட்டுச் சொல்லுங்கள்

நாள் வந்ததும் முழுகி, விளக்கேற்றி, கையில் ஒரு பூவை வைத்துக்கொண்டு சங்கல்பத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். தமிழில் சொன்னால் போதும். குருக்கள் சொல்லும் ஒழுங்கிலேயே, நாள், இடம், ஆள், காரியம், எத்தனை நாள். இப்படி இருக்கலாம்:

"பராபவ வருசம் சித்திரை முதலாம் நாள். இன்ன தோட்டம், மேல்பிரிவு, இன்னாருடைய மகள் நான். இன்றிலிருந்து 48 நாள், காலையில் கேத்தலை அடுப்பில் வைத்ததும் தண்ணி கொதிக்கும் வரைக்கும் விளக்கின் முன் பேசாமல் உட்காருவேன். இதற்கு ஒன்றும் கேட்கவில்லை."

48 நாள் என்பது ஒரு மண்டலம். ஏப்ரல் 14இல் தொடங்கினால் மே 31 அன்று 48ஆவது நாள். ஒரு வருசத்துக்கென்று எடுக்காதீர்கள். அப்பாயி கட்டிய காப்பின் ரகசியம் இதிலும் இருந்தது. எந்த நாளில் கட்டுகிறோம், எந்த நாளில் அவிழ்ப்போம் என்று தெரிந்தே கட்டினார். முடிவு கண்ணுக்குத் தெரிவதால் நடு நாட்களின் களைப்பைத் தாங்க முடிந்தது. 365 நாள் என்று கட்டியிருந்தால் அவரும் என்னைப் போலக் கோழிச் சாறு குடித்திருப்பார்.

சொல்லி முடித்ததும் மஞ்சள் பூசிய நூலில் ஒரு சிறு விரலி மஞ்சளைக் கட்டி வலது கையில் கட்டிக்கொள்ளுங்கள். பெண்கள் இடது கையில் கட்டுவது வழக்கம் என்று உங்கள் வீட்டில் சொன்னால் அப்படியே செய்யுங்கள். வேலைத்தலத்தில் கையில் நூல் கட்ட விடமாட்டார்கள் என்றால் விளக்குத் தண்டில் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு நாளும் கண்ணில் பட்டால் சரி.

ஒரு ஆளிடம் சொல்லுங்கள். ஒரே ஒரு ஆள், உங்களைக் கேட்கத் தயங்காத ஆள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம். போட்ட உடனே பத்துப் பேர் கைகூப்பும் படம் அனுப்புவார்கள், பாதி புண்ணியம் அங்கேயே கிடைத்துவிட்ட மாதிரி இருக்கும், மறுநாள் எழும்ப மனம் வராது. இதையும் அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

நடுவில் வருபவை

எப்போது சறுக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த விசயம். சம்பள நாள், கலியாண வீடு, ஊருக்குப் போகும் நாள், பிள்ளைக்குக் காய்ச்சல். கலண்டரில் அந்த நாட்களைப் பார்த்து, அன்றைக்கு மட்டும் எப்படிச் செய்வது என்று முன்பே யோசித்து வையுங்கள். சம்பள நாள் மாலையில் டவுனுக்குப் போகும் பாதையை மாற்றுவது, அல்லது மனைவியோடு சேர்ந்து போவது. சிரிக்க வேண்டாம், வேலை செய்கிற உபாயம்.

மாதவிலக்கு நாட்களில் விளக்குப் பக்கம் போவதில்லை என்பது உங்கள் வீட்டு வழக்கமானால் விளக்கு இல்லாமல் உட்காருங்கள். பேசாமல் உட்காருவதற்குத் தீட்டு இல்லை, நாள் கணக்கும் நிற்காது. சாவு வீட்டுத் துடக்கிலும் அப்படித்தான் என்பது என் எண்ணம். பூசாரி வேறு மாதிரிச் சொன்னால் கோவில் சம்பந்தப்பட்டதில் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஒரு நாள் தவறினால் கடைசியில் ஒரு நாளைக் கூட்டுங்கள். முதலில் இருந்து தொடங்க வேண்டாம். முதலில் இருந்து தொடங்குகிறவர் வருசம் முழுக்கத் தொடங்கிக்கொண்டே இருப்பார். அடுத்தடுத்து மூன்று நாள் தவறினால் சங்கல்பத்தில் ஏதோ பிழை. பெரும்பாலும் அளவு பெரிதாக இருக்கும், பாதியாக்குங்கள்.

பத்தாம் நாள், பதினைந்தாம் நாள் வாக்கில் இன்னொரு கேள்வி வரும். "இவ்வளவு நாள் உட்கார்ந்தும் ஒன்றும் மாறவில்லையே?" கவ்வாத்து வெட்டிய மலையை நினைத்துக்கொள்ளுங்கள். கத்தி வைக்கும் முன் கவ்வாத்துச் சாமிக்குப் படைத்துவிட்டு மட்டமாக வெட்டிப்போடுவார்கள். பிறகு பார்த்தால் வெறும் குச்சிகள், செத்துப்போன மலை மாதிரி. மறுவாரமே அங்கே கூடையோடு யாரும் போவதில்லை, துரையும் கொழுந்து கேட்பதில்லை. துளிர் வந்து கைக்கு எட்ட மாதக்கணக்கில் ஆகும் என்று மலையில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். நம் விசயத்தில் மட்டும் அவசரம்.

காப்பை அவிழ்ப்பது

கட்டியதை ஒழுங்காக அவிழ்க்க வேண்டும். தானாக அறுந்து விழ விட்டுவிடக் கூடாது. 48ஆம் நாள் விளக்கேற்றி, எடுத்தது முடிந்தது என்று சொல்லி அவிழ்த்து, நூலை ஓடும் தண்ணீரில் விடுங்கள் அல்லது மரத்தடி மண்ணில் புதையுங்கள். சாட்சியாக இருந்தவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுங்கள்.

பொங்கலன்று தொடங்கியவர்களுக்கு இதைவிட நல்ல முடிவு ஒன்று இருக்கிறது. ஜனவரி 14இல் கட்டினால் மார்ச் 2இல் 48 நாள் முடியும். அப்போது சிவனொளிபாதமலைப் பருவம். டிசம்பர்ப் போயாவில் தொடங்கி வெசாக் வரைக்கும் மலை திறந்திருக்கும். ஹட்டனில் இருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ் போகிறது. அங்கிருந்து ஐயாயிரத்துக்கு மேல் படிகள், உச்சி 2,243 மீற்றர். நமக்குச் சிவன் பாதம், பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் ஆதாம் பாதம். சண்டையில்லாமல் எல்லோரும் ஒரே படியில் ஏறுகிற இடம். போயாவையும் சனி ஞாயிறையும் விட்டுவிட்டு வாரநாளில் போங்கள், இல்லாவிட்டால் வரிசையிலேயே விடிந்துவிடும். இரவில் ஏறினால் மேலே சூரிய உதயம். கம்பளிச் சட்டையும் தொப்பியும் கட்டாயம், ஏறும்போது வேர்த்த உடம்பு உச்சிக் காற்றில் விறைத்துப்போகும். ஏறுவதைவிட இறங்குவது முழங்காலுக்குக் கொடுமை, ஒரு தடி வைத்துக்கொள்ளுங்கள். பொலித்தீனைத் திரும்பக் கொண்டுவாருங்கள், காப்பு நூலையும் அங்கே மரத்தில் கட்டிவிட்டு வராதீர்கள்.

உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது முறை ஏறுகிறோமோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம். முதல் முறை போகிறவர் ஒரு தடவைதான் அடிக்கலாம். ஆசைக்காகக் கூட அடித்தால் வரிசையில் நிற்கும் பாட்டிமார் விடமாட்டார்கள்.

சரி, 42ஆம் நாள் விசயம் பாக்கி இருக்கிறது. காப்பை அவிழ்த்த மறுநாளே புதிய ஒன்றைக் கட்டாதீர்கள், செய்துவந்த பழக்கத்தையும் தூக்கி எறியாதீர்கள். ஒரு வாரம் சும்மா இருங்கள், கொழுந்து எடுத்த மலையை அடுத்த சுற்று வரைக்கும் விட்டுவைப்பது போல. குடியை விட்டவர்களுக்கு மட்டும் இந்தச் சும்மா இருப்பது கிடையாது. அவர்கள் அவிழ்க்கும் முன்பே அடுத்த காப்பு நாளைக் குறித்து, அதைச் சாட்சிக்காரரிடம் சொல்லி, அவிழ்த்த கையோடு மறுகாப்புக் கட்டட்டும்.

மற்றவர்கள் 49ஆம் நாள் காலையில் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, தாங்கள் என்ன செய்கிறோம் என்று கவனித்துப் பாருங்கள். நூல் இல்லாமலே கை தீப்பெட்டியைத் தேடினால் அடுத்த சங்கல்பத்துக்குப் போகலாம். தேடாவிட்டால் அந்த வாரம் முடிந்ததும் அதே சங்கல்பத்தை இன்னொரு 48 நாளுக்குக் கட்டுங்கள்.